கேட்ட பிறகு கழற்றலாம்

கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்று என்று இதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் தெருவில் சைவக்காரர் நாங்கள் கோயிலுக்குக் கழற்றிவிட்டுப் போவோம். அடுத்த வீட்டுக் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மினுக்கிய சப்பாத்தோடு தேவாலயத்துக்குள் போவார்கள். கொஞ்சம் தள்ளிப் பள்ளிவாசல். அங்கேயும் கழற்ற வேண்டும். மூன்று வாசல், மூன்றிலும் என்ன செய்ய வேண்டுமென்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். நேற்று ஒரு சட்டம், இன்றைக்கு ஒரு சட்டம் என்று அங்கே கிடையாது. பெரிய மனுசர் காரில் வந்து இறங்கினாலும் கோயில் வாசலில் குனிந்துதான் ஆக வேண்டும்.

விமான நிலையத்து வாசலில் மட்டும் எனக்கு இந்த வயதிலும் தெரியாது. எனக்கு மட்டுமல்ல, அங்கே நிற்கிறவர்களுக்கும் தெரியாது என்பது என் முடிவு.

என் இடது கால் வலது காலைவிடக் கட்டை. சிறு வயதில் வந்த போலியோ செய்த வேலை. இடது சப்பாத்தின் அடியில் தோலும் ரப்பரும் அடுக்கி உயர்த்தியிருக்கும். அதைப் போட்டால் நான் நடப்பேன். வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரரோடு விலை பேசி, பையைத் தூக்கிக்கொண்டு, காலி வீதியைக் கடந்து, கடற்கரைப் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கைக்கு நானே வந்து சேருவேன். போடாவிட்டால் சுவரைப் பிடிக்க வேண்டும். இவ்வளவுதான் விசயம். இதில் கண்ணீர் விட ஒன்றும் இல்லை, நானும் விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் நொண்டி என்று கூப்பிட்டவளின் தண்ணீர்ப் போத்தலைக் கிணற்றில் போட்டவள் நான்.

மகள் லண்டனில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும்போதும் கல்யாணச் சேலை எடுக்கச் சென்னைக்குப் போகும்போதும் இந்தச் சப்பாத்தோடு எத்தனையோ சோதனை வாசல்களைக் கடந்திருக்கிறேன். ஓரிடத்தில் கழற்று என்பார்கள். ஓரிடத்தில் கழற்றாதே, வரிசை தாமதமாகிறது என்பார்கள். ஒரே விமான நிலையத்தில் உள்ளே நுழையும்போது வேண்டாம் என்பார்கள். விமானம் ஏறும் வாசலுக்கு வந்ததும் ஏன் இன்னும் கழற்றவில்லை என்று முறைப்பார்கள். செருப்பு என்றால் பரவாயில்லை, சப்பாத்து என்றால் கழற்று என்றார் ஒருவர். அடுத்த பயணம் செருப்புப் போட்டு வந்த பெண்ணைக் கழற்றச் சொல்லிவிட்டு, சப்பாத்துப் போட்டவரை விட்டார்கள். ஒருமுறை எனக்கு முன்னால் ஒரு இளம்பெண் குதி உயர்ந்த சப்பாத்தோடு டக் டக் என்று போனாள். அவளுடைய குதி என்னுடைய அடியைவிட உயரம். அவளை விட்டவர்கள் என்னை நிறுத்தினார்கள்.

"அவவின்டது ஃபேஷன், உங்கட என்ன எண்டு தெரியாதே" என்று அங்கிருந்த அலுவலர் தமிழிலேயே சொன்னார். தமிழில் சொன்னதால் கோபம் குறையவில்லை, கூடியது.

எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்பது என் வழக்கம். சுவரில் படம் போட்டிருக்கும். கத்தரிக்கோல், தண்ணீர்ப் போத்தல், நெருப்புப்பெட்டி எல்லாம் சிவப்புக் கோட்டால் வெட்டப்பட்டிருக்கும். சப்பாத்து இருக்காது. அதைக் காட்டினால், இங்கே அப்படித்தான் என்பார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பது இதற்குத்தான்.

என் கணவர் நேர்மாறு. வரிசையின் வால் தெரிந்தவுடனேயே அவருடைய கை பெல்ட்டுக்குப் போய்விடும். பெல்ட், மணிக்கூடு, பேனா, சட்டைப் பையில் இருக்கிற இரண்டு சில்லறைக் காசு, கடைசியில் சப்பாத்து. எங்களுக்கு முன்னால் இன்னும் இருபது பேர் நிற்பார்கள். இவர் ஒரு கையில் சப்பாத்தையும் மறு கையில் காற்சட்டையின் இடுப்பையும் பிடித்துக்கொண்டு காலுறையோடு நிற்பார். மெலிந்த மனுசன், பெல்ட் இல்லாமல் காற்சட்டை நிற்காது.

"முந்திரிக்கொட்டை மாதிரி ஏன் இப்பவே கழட்டுறீங்கள்? ஆரும் கேட்டவையோ?"

"கேக்க முன்னம் குடுத்திட்டால் கதை முடிஞ்சுது. நீர் சும்மா வாரும்."

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இந்தப் பழக்கம் எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் அவர் வெள்ளவத்தையிலிருந்து துறைமுகப் பக்கம் வேலைக்குப் போய் வந்தவர். காலி வீதியில் சோதனைக்காகப் பஸ்ஸை நிறுத்துவார்கள். எல்லோரும் இறங்க வேண்டும். சில நாள் தமிழர் மட்டும் இறங்க வேண்டும். சில நாள் ஆண்கள் மட்டும். சில நாள் கையைக் காட்டி, போ என்று விட்டுவிடுவார்கள். அங்கேயும் எழுதி ஒட்டிய சட்டம் ஒன்றும் இல்லை. ஒருநாள் அடையாள அட்டையைக் கொடுத்த பிறகும் இவரைத் தனியாக நிற்கச் சொன்னார்களாம். இவர் "ஏன்?" என்று கேட்டாராம். அந்த ஒரு சொல்லுக்கு அவரைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். நான் கைக்குழந்தையோடு ஒரு பொலிஸ் நிலையத்தின் வெளியே போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்து அவரைக் கூட்டிவந்தேன். உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் குடையவில்லை. அதற்குப் பிறகு அடையாள அட்டை சட்டையின் மேல் பையில் இருக்கும். பஸ் வேகம் குறைந்தாலே அவர் கையில் வந்துவிடும். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் சலூனுக்குப் போகும்போதுகூட அது மேல் பையில்தான் இருக்கும்.

ஆகவே அவர் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இளம் அலுவலர்கள் மேல் கோபம் வரும், அவர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்பதால் இன்னும் வரும். இந்த மனுசன் ஒருநாளாவது, கேட்கும்வரை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு அதுதான் ஆசை.

அவருடைய அவசரம் ஒருமுறை பெரிய கூத்தில் முடிந்தது. எங்கள் விமான நிலையத்தில்தான். வழக்கம்போல முதலே கழற்றியாயிற்று. எங்கள் முறை வந்ததும் பை, பெல்ட் எல்லாம் தட்டில் போட்டார். சப்பாத்தைத் தட்டில் போடவில்லை. சாமான் போகும் அந்தத் தட்டு அவருக்குச் சாப்பாட்டுத் தட்டு மாதிரித் தெரிந்திருக்க வேண்டும்; அதில் சப்பாத்தை வைக்க மனம் வரவில்லை. கோயில் வாசலில் வைப்பதைப் போல, சோதனை வாசலுக்குப் பக்கத்தில், ஓரமாக, இரண்டையும் சோடியாக, திரும்பி வரும்போது கால் நுழைக்க வசதியாக வெளிப்பக்கம் பார்க்க வைத்துவிட்டு, அந்தப் பக்கம் போய்விட்டார்.

எனக்குப் பின்னால் நின்ற ஒரு குடும்பம், கணவன், மனைவி, மாமியார் என்று மூன்று பேர், மலையகத்திலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள். அவர்களும் பார்த்தார்கள். ஓகோ, இங்கே வைக்க வேண்டும் போலிருக்கிறது என்று செருப்புகளைக் கழற்றி இவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார்கள். மாமியார் உள்ளே போகும்போது குனிந்து நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பழக்க தோசம்.

கொஞ்ச நேரத்தில் ஒரு அலுவலர் ஓடி வந்தார். "மே சபத்து காகெத?" என்றார். இந்தச் சப்பாத்து யாருடையது என்று. ஆளில்லாமல் கிடக்கிற சாமான், வரிசையை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து என் கணவர் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உயர்த்தினார். மாமியாரும் உயர்த்தினார். அன்றைக்கு அலுவலர்களும் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். அந்த ஒரு நாளுக்கு மட்டும் நான் யாரையும் மன்னிக்கத் தயார்.

அதற்கு அடுத்த பயணம் சிரிப்பதற்கில்லை. இடைவழியில் விமானம் மாறுகிற ஒரு நாடு. கழற்று என்றார்கள். சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு என் ஆங்கிலமும் விளங்கவில்லை, என் காலும் விளங்கவில்லை. விமானத்துக்கு நேரமாகிறது. கணவர் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டார். கழற்றினேன். காலுறையோடு, மினுக்கிய தரையில், பிடிக்கச் சுவர் இல்லாமல் வாசலுக்குள் கால் வைத்தேன். உடம்பு சாய்ந்தது. அந்தச் சோதனை வாசலின் பக்கக் கம்பத்தைப் பிடித்தேன். பிடித்ததும் அது கத்தியது. தொடக்கூடாது, திரும்பப் போ என்றார்கள். போனேன். மறுபடி வந்தேன், மறுபடி சாய்ந்தேன், மறுபடி பிடித்தேன், மறுபடி கத்தியது. கையைக் கீழே போடு, நேராக நட என்று அந்தப் பெண் நடந்து காட்டினாள். எனக்கு நேராக நடந்து காட்டினாள்.

வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் என் கணவர் என்னைப் பிடிக்கக் கையை நீட்டினார்; அவரையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். கடைசியில் வேறொருவர் வந்து கையால் தடவிச் சோதித்து விட்டார். கோயிலிலும் நான் சப்பாத்தில்லாமல்தான் நடக்கிறேன். அங்கே தூண் இருக்கும். தூணைப் பிடிக்காதே என்று எந்த ஐயரும் எனக்குச் சொன்னதில்லை.

அன்றைக்கு விமானத்தில் சாப்பாடு வந்தபோது அவரிடம் சொன்னேன்.

"இனி நான் கழட்ட மாட்டன். விட்டால் போறன். விடாட்டித் திரும்பி வீட்ட போறன்."

அவர் பாணைப் பிய்த்து வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ள விடாதையும்" என்றார்.

"அந்த ஓணான் என்ர சப்பாத்துக்குள்ள பூந்து கனகாலம்."

இந்த வருடம் மறுபடி மகளிடம் போக ஆயத்தமானோம். என் சபதம் அவளுக்குத் தகப்பன் வழியாகப் போய்விட்டது. தொலைபேசியில் வந்தாள்.

"அம்மா, வீல்செயார் ஒண்டு கேளுங்கோ. அதில இருந்தால் ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

"எனக்கு நடக்கத் தெரியும்."

"தெரியும் அம்மா. ஒரு பத்து நிமிசத்துக்குத்தானே."

"நடக்கத் தெரிஞ்சவளைச் சப்பாத்துக்காக உருட்டிக்கொண்டு போறதோ? சப்பாத்தை விட்டிட்டு என்னை மாத்தச் சொல்லுறாய்."

அவள் பெருமூச்சு விட்டாள். வீல்செயாரில் போகிறவர்களை நான் குறைவாக நினைக்கவில்லை. எனக்குத் தேவைப்படும் நாளில் முதல் ஆளாய் ஏறி இருப்பேன். சட்டம் தெரியாதவர்களின் வசதிக்காக ஏறமாட்டேன். இதை அவளுக்கும் சொன்னேன். தகப்பனிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

பயண நாள் காலையில் வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில் ஏறிக் கிளம்பினோம். விமான நிலைய வீதிக்குத் திரும்பியதும் அவர் மெதுவாகத் தொடங்கினார்.

"இந்த முறை சண்டை பிடிக்காதையும் என்ன. பிள்ளை பாத்துக்கொண்டிருப்பாள்."

"நான் சண்டை பிடிக்கிறேல்ல. கழட்டுறேல்ல, அவ்வளவுதான்."

முதல் சோதனை, கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில். இவர் வாசலுக்கு வரும் முன்பே சப்பாத்து கையில். அங்கே நின்ற இளைஞன் பார்த்துச் சிரித்துவிட்டு, "அங்கிள், சபத்து தாகன்ன" என்றான். போட்டுக்கொள்ளுங்கள் என்று. என் சப்பாத்தை அவன் பார்க்கவே இல்லை. நடந்து போனேன். என் கணவர் ஓரமாக நின்று, ஒற்றைக் காலில் தள்ளாடித் தள்ளாடிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"பாத்தீங்களே, ஆரும் கேக்கேல்ல."

"அடுத்ததில கேப்பாங்கள்" என்றார். அதில் அவர் சொன்னது சரி.

மேல் மாடியில், விமானம் ஏறும் வாசலுக்கு முன்னால் இரண்டாவது சோதனை. இவருடைய பெல்ட், மணிக்கூடு, சப்பாத்து எல்லாம் தட்டில் போயாயிற்று. கோயில் வாசல் மாதிரி வைத்த அந்தக் கூத்துக்குப் பிறகு தட்டில் போடப் பழகிவிட்டார். அங்கே ஒரு பெண் அலுவலர் என் காலைப் பார்த்தார். கழற்றுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். முடியாது, இருந்தபடியே சோதியுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், இது காலிலேயே இருக்கட்டும் என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். எல்லோரும் கழற்ற வேண்டும் என்றார். கீழே கழற்றச் சொல்லவில்லையே என்றேன். கீழே வேறு, இங்கே வேறு என்றார். எங்கே எழுதியிருக்கிறது என்றேன்.

பின்னால் நின்றவர்கள் நெளியத் தொடங்கினார்கள். ஒருவர் சலிப்போடு உச்சுக்கொட்டினார். என் காது சூடாகிவிட்டது, ஆனால் அசையவில்லை. விமானத்தை விட்டால் மகளைப் பார்க்க முடியாது, டிக்கெட்டும் வீண். எல்லாம் தெரியும். தெரிந்துதான் நின்றேன்.

அந்தப் பெண் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார். நரை விழுந்த, தொப்பி வைத்த, கட்டையான மனிதர். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. என் சப்பாத்தைப் பார்த்தார், பிறகு என் கணவரைப் பார்த்தார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, நான் அங்கே இல்லாதது மாதிரி, அவரிடம் சொன்னார்.

"மாத்தயா, நோனாட்ட கியன்ன கலவன்ன கியலா."

ஐயா, அம்மாவைக் கழற்றச் சொல்லுங்கள். அவ்வளவுதான். மரியாதையாகத்தான் சொன்னார்.

என் கணவர் அப்போது காலுறையோடு நின்றார். ஒரு கையில் காற்சட்டை இடுப்பு. வலது காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை. புதுசு எடுத்து வைத்தும் பழசையே போட்டு வந்திருக்கிறார். தொப்பி வைத்த ஒருவர் முன்னால் அவர் எப்படி நிற்பார் என்று இத்தனை வருடமாகப் பார்த்தவள் நான். தோள் உள்ளே போகும், கழுத்து முன்னால் வரும், தலை ஆடத் தொடங்கும். இனி என் பக்கம் திரும்பி, "கழட்டும், போவம்" என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களை எதிர்த்து நிற்கலாம். அவர் கெஞ்சினால் நிற்பேனா என்பது சந்தேகம்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"பே" என்றார்.

சிங்களத்தில் முடியாது என்பதற்கு அந்த ஓர் எழுத்துப் போதும். குரல் எழும்பவில்லை. மேலதிகாரிக்கே சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, குனிந்தார். என் கணவர் மறுபடி சொன்னார்.

"பே மாத்தயா. ஏக கலவன்ன பே."

அதைக் கழற்ற முடியாது.

மேலதிகாரி, "ஏய்?" என்றார். சிங்களத்தில் ஏன் என்பது அதுதான். காலி வீதியில் இவர் கேட்டு மாட்டிக்கொண்ட அதே கேள்வியை இப்போது தொப்பி வைத்தவர் இவரிடம் கேட்கிறார்.

என் கணவர் என் சப்பாத்தைக் கையால் காட்டினார்.

"ஏக தமய் எயாகே ககுல" என்றார். அதுதான் அவவுடைய கால்.

அந்த மனிதர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இவருடைய கால்களைப் பார்த்தார், ஓட்டைக் காலுறையையும். ஒரு கதிரை கொண்டுவரச் சொன்னார். நான் அதில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து, என் காலில் இருந்தபடியே சப்பாத்தின் மேலும் கீழும் பக்கமும் துடைத்து, பக்கத்தில் இருந்த ஒரு சின்ன இயந்திரத்துக்குள் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. கையால் இயங்கும் கருவியை உடம்பைச் சுற்றி ஓட்டினார். போகலாம் என்றார். ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கடதாசியும் இயந்திரமும் கதிரையும் இத்தனை வருடமும் அங்கேதான் இருந்திருக்கின்றன.

அந்தப் பக்கம் போய் ஒரு வாங்கில் இருந்தோம். அவர் சப்பாத்தைப் போட்டார். நூலைக் கட்ட முடியவில்லை. ஒரு முடிச்சுப் போட்டார், அது கழன்றது. மறுபடி போட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன்.

"நீர் இப்ப ஒண்டும் கதைக்காதையும்" என்றார்.

அவருடைய முழங்காலில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. கண்ணீர் விட ஒன்றும் இல்லை என்று முன்பு சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். இதற்காகக் கொஞ்சம் அழலாம். அவரைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

விமானம் மாறுகிற நாட்டில் மறுபடியும் சோதனை. பழைய அதே இடம், அதே மினுக்கிய தரை. நீள வரிசை. முன்னால் சிலர் சப்பாத்தைக் கழற்றியிருந்தார்கள், சிலர் கழற்றவில்லை. சட்டம் என்னவென்று அன்றைக்கும் பார்த்து விளங்கவில்லை. எங்களுக்கு முன்னால் இருபது பேர் இருப்பார்கள். வரிசையின் வால் தெரிந்ததும் என் கணவரின் கை பெல்ட்டுக்குப் போனது. பிறகு, பழக்கம் விடவில்லை, சப்பாத்து நூலை அவிழ்க்கக் குனிந்தார்.

நான் என் இடது காலைத் தூக்கி, அடி உயர்த்திய அந்தச் சப்பாத்தை அவருடைய சப்பாத்தின் நூல் முடிச்சின் மேல் வைத்தேன். அழுத்தவில்லை, வைத்தேன்.

அவர் குனிந்தபடியே என்னை அண்ணாந்து பார்த்தார்.

"கேக்கட்டும்" என்றேன்.

பிறகு நிமிர்ந்து, பெல்ட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். வரிசை நகர்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் சப்பாத்தோடு நகர்ந்தோம்.